அரசன் கோபுரமும் வீரன் கூடமும்

போரிலே உறுப்பிழந்து திரும்பியவனுக்கு உறைவிடம் எது என்ற வினாவுக்கு ஐரோப்பிய மன்னர் கல்லினால் விடை கூறினர். அவற்றுள் தலையாயது பாரிஸ் நகரத்து இன்வலீத் மாளிகை. 1670 ஆம் ஆண்டில் பிரான்சு மன்னன் பதினான்காம் லூயி இதனை அமைக்க ஆணையிட்டான். அதற்கு முன்னர் ஊனமுற்ற வீரர் மடங்களை அண்டியும் தெருவில் இரந்தும் உயிர் வாழ்ந்தனர்.

லிபெரால் புருவான் என்னும் சிற்பி, பெருமுற்றத்தைச் சூழ இரு அடுக்கு வளைவு நடைகளை வகுத்தான். 1674 இல் வீரர் குடிபுகுந்தனர். செருப்புத் தைத்தல், சித்திரத் திரை நெய்தல் முதலிய தொழில்களும் அங்கே நடைபெற்றன. பின்னர் ஆர்துவான் மான்சார் எழுப்பிய குவிமாடம் 1706 இல் நிறைவெய்தி, ஏறத்தாழ 350 அடி உயர்ந்து நின்றது. வழிபாட்டுக்கு வீரர் முற்றத்து வழியாகவும் மன்னன் தெற்கு வாயில் வழியாகவும் வருமாறு அமைந்தது அவ்வாலயம். 1861 இல் நெப்போலியனின் உடல் அக்குவிமாடத்தின் கீழ்க் கல்லறையில் வைக்கப்பட்டது. காண வருவோர் பலர் அக்கல்லறையை நாடுகின்றனர். அதே வளாகத்தில் இன்றும் ஊனமுற்ற வீரர் பேணப்படுவதை நினைப்போர் சிலரே.

இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்ள்ஸ் 1682 இல் அடிக்கல் நாட்டிய செல்சி இல்லத்தையே என் மனம் பெரிதும் விரும்புகின்றது. கிறிஸ்தோபர் ரென் வகுத்த அக்கட்டடத்தின் நீண்ட கூடங்களில், ஒவ்வொரு முதியவனுக்கும் பலகையால் மறைத்த ஆறடிச் சதுரம் தனியிடமாயிற்று. பிற்காலத்தில் அவ்விடங்கள் விரிவாக்கப்பட்டன. 2009 இல் பெண்களும் முதன்முறையாக அங்கே சேர்க்கப்பட்டனர்.

அதே 2009 இலேயே நம் நாட்டுப் போரும் முடிந்தது. றாகமையிலுள்ள ரணவிரு செவண போன்ற இல்லங்களில் அரசு தன் படைவீரரைப் பேணுகின்றது, அது தக்கதே. ஆயின், சீருடை அணியாமலே காலிழந்த உழவனும் கண்ணிழந்த தாயும் எந்த மன்னனின் வாயிலில் நிற்பர்? எங்கள் நாவிதன்வெளி போன்ற ஊர்களில் அத்தகையோருக்கு மகள் வீட்டு விறாந்தையே இன்வலீத். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று அந்த வேதனை வேறுபடுவதில்லை.

அவர்களுக்குக் குவிமாடம் வேண்டியதில்லை. தமக்கென ஓர் அறை, கைக்கேற்ற ஒரு தொழில், அருகிலே ஒரு மருத்துவர்: இம்மூன்றையும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே முடியரசர் தம் வீரருக்கு அளிக்க முயன்றனர். குடியாட்சி தன் குடிகளுக்கு அதனினும் குறைவாக அளிப்பது முறையாகுமா?