தோளுக்கு ஏறிய ஜமக்காளம்

ஜமக்காளம் தரையில் விரிக்கிற துணி. கல்யாண வீட்டுக் கூடத்திலும் கட்சிக் கூட்டத்திலும் நாம் எல்லோரும் அதன்மேல் உட்கார்ந்து எழுந்தவர்கள்தாம். அதைக் கோட்டாகத் தைத்துத் தோளில் போடலாம் என்றால் கொங்கு நாட்டில் முதலில் சிரிப்பார்கள். சென்னையில் சொந்தமாகச் சின்ன ஆடை நிறுவனம் நடத்தும் இளம் வடிவமைப்பாளர் ஒருவர், அந்தச் சிரிப்பைப் பொருட்படுத்தாமல் பவானிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அவருடைய புதிய ஆடை வரிசை வெளிவருவதற்கு முந்தைய வாரங்களில் நானும் கூடப் போனேன். தன் பெயரை எழுத வேண்டாம் என்றார். விளம்பரம் தேடும் நேரத்தில் இப்படி ஒரு நிபந்தனையா என்று எனக்கு ஆச்சரியம்தான்.

பவானி, ஈரோட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சீமைத் துணியின் போட்டி தாங்காமல், ஜங்கமர் என்ற நெசவுச் சமூகத்தார் தடித்த வண்ண நூலில் நெய்யத் தொடங்கியது இந்த விரிப்பு என்பார்கள். 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கும் முன்பே, 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியிருக்கிறது. சட்டம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. விசைத்தறியில் ஓட்டிய சரக்கோ பவானி பெயரிலேயே மலிவாகச் சந்தையில் கிடைக்கிறது.

நாங்கள் போன வீட்டில், நுழைந்ததும் முன்னறையிலேயே குழித்தறி. குழிக்குள் கால் வைத்து மிதித்துக்கொண்டிருந்த பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். பெரிய விரிப்பென்றால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். துணைக்கு ஆள் கிடைக்காததால் பெரிய அளவை எடுப்பதே இல்லை என்றார்.

"எத்தனை கலருங்க அம்மிணி?"

"ஆறு கலர், ஐயா. ஒவ்வொண்ணும் பதினஞ்சு மீட்டர் போதும்."

பல நெசவு ஊர்களில் பேச்சு இந்த இடத்திலேயே முடிந்துவிடும். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டு இழை, பூட்டினால் அது நீளமாக ஓட வேண்டும். அப்போதுதான் பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, இழை பிணைத்த வேலைக்குக் கட்டுப்படியாகும். நிறத்துக்கு ஒரு பாவு கேட்கும் சிறு வடிவமைப்பாளரை யாரும் சீந்த மாட்டார்கள். பணம் உள்ள நிறுவனம் மொத்தமாக நெய்து கிடங்கில் அடுக்கிவிடும். தனியாக நிற்பவருக்கு அது முடியாது.

பெரியவர் யோசிக்கவே இல்லை. "பாவு ஒண்ணே போதுமுங்க. ஊடையை மாத்திக்கலாம்" என்றார்.

ஜமக்காளத்தில் தடித்த ஊடை, அதாவது குறுக்கிழை, நெருங்கி அடைந்து பாவை முழுக்க மறைத்துவிடும். கண்ணுக்குத் தெரியும் நிறமெல்லாம் ஊடையின் நிறம். அதனால் ஒரே பாவில் சிவப்புக்குப் பின் பச்சை, பச்சைக்குப் பின் நீலம் என்று தாரை (ஊடை நூல் சுற்றிய குழலை) மாற்றி நாடாவில் போட்டுக்கொண்டே போகலாம். குறைந்த அளவு, நிறைய நிறம் என்பதுதான் இளம் வடிவமைப்பாளர்களின் தேவை. தரை விரிப்பு நெய்யும் தறி, அதற்கு இவ்வளவு பொருந்திப்போகும் என்று நான் நினைத்ததில்லை.

ஆனால் தைக்கும்போது துணி பழிவாங்கியது. முதல் மாதிரிக் கோட், ஆள் இல்லாமலே நின்றது. சென்னைத் தையல்காரரின் மெஷினில் ஊசி முறிந்தது. கடைசியில் பை தைக்கும் கனத்த மெஷின் தேட வேண்டியதாயிற்று. வெட்டிய ஓரமெல்லாம் இழை இழையாகப் பிரிந்தது. வடிவமைப்பாளர் வளைவாக வெட்டுவதையே கைவிட்டு, தறி தந்த கரையையே கோட்டின் ஓரமாக வைத்து, நேர்த்துண்டுகளாக இணைத்தார். அந்தக் கட்டாயத்தில் பிறந்த வடிவம்தான் இந்த வரிசையிலேயே அழகு என்பேன்.

மறுபடி பவானிக்குப் போனபோது, கனத்தைக் குறைக்க ஊடை நூலை மெலிதாக்கலாம் என்றார் வடிவமைப்பாளர். பெரியவர் நாடாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நூல் மெலிஞ்சா அடி சாஸ்தியாவுமுங்க. ஒரு மீட்டருக்கு நான் எத்தனை தடவ நாடா வீசோணும்? கூலி மட்டும் பழைய கூலியா?"

மெல்லிய துணி என்றால் வேலை குறைவு என்றுதான் வெளியாள் நினைப்பார். இங்கே நேர் எதிர். அன்று மாலைவரை பேசி, மீட்டர் கூலியை உயர்த்தி, பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்த பிறகே வேலை நகர்ந்தது. உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி இதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "அவருக்குக் கூட்டுனீங்க, எனக்குங் கண்ணு?" என்றார் சிரித்தபடி. தார் சுற்றும் கூலி கணவரின் கூலிக்குள்ளேயே அடங்கிவிடுவது பழைய வழக்கம். அந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை.

படப்பிடிப்பு அதே தெருவில் நடந்தது. மாடல் பெண் வெயிலில் கோட்டோடு நிற்க, படமெடுப்பவர் பெரியவரின் கைச் சுருக்கங்களை அருகில் போய்ப் போய் எடுத்தார். கைத்தறி விளம்பரம் என்றாலே இந்தக் கை நமக்கு வேண்டியிருக்கிறது. தார் சுற்றிய அம்மா ஒரு படத்திலும் இல்லை. நான் சுட்டிய பிறகு வடிவமைப்பாளர் அவரைத் தனியாக எடுக்கச் சொன்னார். கோட்டோடு வரும் அட்டையில் இருவர் பெயரும் அச்சானது. கோ-ஆப்டெக்ஸ் சேலைகளில் நெசவாளரின் படத்தோடு அட்டை வைத்ததைப் பார்த்து வந்த யோசனை அது.

வெளியீட்டுக்கு ஆகஸ்ட் 7ஐக் குறித்திருந்தார். தேசிய கைத்தறி நாள். 2015இல் சென்னையில்தான் முதல் விழா நடந்தது. படம் போட்டால் பலர் பகிர்வார்கள் என்ற கணக்கு. கணக்குச் சரி, மாதம் ஆடி! ஆடிப்பெருக்கன்று பவானி கூடுதுறையில் கூட்டம் நெரியும். உறவினர் வந்து குவிய, தறி ஓயும். அனுப்ப வேண்டிய கடைசித் துணி தாமதமானது. போதாக்குறைக்கு ஊரெல்லாம் தள்ளுபடி நடக்கும்போது முழு விலை சொல்லி நிற்க வேண்டும். சென்னை வெளியீட்டில் நான் காதால் கேட்ட முதல் கேள்வியே, "ஆடிக்கு ஏதும் குறைப்பீங்களா?" என்பதுதான்.

குறைக்க அவரிடம் என்ன இருக்கிறது? 2500 ரூபாய்க்கு மேற்பட்ட தைத்த ஆடைக்கு 2025 செப்டம்பர் முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். கைத்தறிக் கோட் 2500க்குள் அடங்காது. காட்சிக்கு வைக்கும் கடை தன் பங்கை எடுக்கும். அதுவும் விற்ற பிறகே பணம் தரும். எனவே மாதிரிகளை மட்டும் தொங்கவிட்டு, முன்பதிவு வாங்கி, பதிவான நிறத்தை மட்டும் நெய்வது என்று முடிவெடுத்தார். காத்திருக்க வேண்டும் என்றதும் சிலர் நகர்ந்துவிட்டார்கள். காத்திருக்கச் சம்மதித்தவர்கள்தான் வாங்கினார்கள். ரீல் போட இலவசக் கோட் கேட்டவர்களுக்கு இல்லை என்றார்; இருந்தது ஆறே கோட்.

2025 பிப்ரவரியில் துபாய்வாழ் வடிவமைப்பாளர் வினோ சுப்ரஜா, பவானி ஜமக்காளத்தை லண்டன் ஃபேஷன் வீக்குக்குக் கொண்டுபோனபோது நெசவாளர் ஒருவரையும் மேடையேற்றினார். அந்தச் செய்தி பவானியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நம் பெரியவரையும் சென்னை வெளியீட்டுக்கு அழைத்தபோது, "தறி நின்னா கூலி நிக்குமுங்களே" என்றார். இழக்கும் நாள்களின் கூலியைக் கணக்கிட்டுக் கொடுத்துத்தான் கூட்டிவந்தார்கள். அதுதான் முறை. மாலை போட்டு, படம் எடுத்து, வெறுங்கையோடு பஸ் ஏற்றிவிடும் மரியாதையை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். அரங்கில் பலர் அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவரோ கோட்டின் தோள் இணைப்பில் பட்டைகள் நேராகச் சேர்ந்திருக்கின்றனவா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்த முன்பதிவுகள் இன்னொரு பாவுக்குக் காணும். வடிவமைப்பாளர் அந்தப் பாவுக்கு முன்பணம் அனுப்பிவிட்டார். தார் சுற்றும் கூலி இம்முறை தனி வரியாக இருக்கிறது. அதற்கடுத்த பாவுக்கு இன்னும் யாரிடமும் உறுதி இல்லை. கைபேசியில் ஒரு புதிய கைத்தறி வரிசையின் படம் வந்தால், விருப்பக்குறி போடுவதற்கு முன் அதை வெளியிட்டவர்களிடம் ஒன்று கேளுங்கள்: இதை நெய்தவருக்கு அடுத்த பாவு எப்போது கொடுக்கப்போகிறீர்கள்?