ஒரு காருக்கு ஒரு பேட் போதுமா?

ரப்பிங் பாலிஷ் வேலையில் கூலிப் பிடித்தம் எங்கிருந்து தொடங்குகிறது என்று எங்களைக் கேட்டால், மிஷினில் ஒட்டுகிற அந்த வட்டமான பேடிலிருந்து என்றுதான் சொல்வோம். சென்னைப் புறநகரில் செகண்ட் ஹேண்ட் கார் யார்டுகளிலும் டீட்டெயிலிங் கடைகளிலும் வேலை பார்க்கும் இளைஞர்களோடு சில ஆண்டுகளாகக் களப்பணி செய்துவருகிறோம். பானட்டில் பெயின்ட் எரிந்துவிட்டது, பம்பர் முனையில் பிரைமர் தெரிந்துவிட்டது, இந்த மாதச் சம்பளத்தில் பாதி போய்விட்டது என்று வந்த கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் பேடைப் பற்றி உட்கார்ந்து படித்தோம். பட்டறை அண்ணன்மார் சிலர் மிஷினை எங்கள் கையிலும் கொடுத்து ஓட்டச் சொன்னார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாலிஷ் என்பது காருக்கு எதையோ பூசுவதல்ல, காரிலிருந்து எடுப்பது. கம்பெனியிலிருந்து வரும் காரில் பிரைமர், கலர், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். மேலே இருக்கும் கிளியர் கோட் மட்டும் சுமார் 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன்கூட இல்லை. வெயிலிலிருந்து கலரைக் காப்பாற்றுவது அந்த மெல்லிய அடுக்குதான். அழுக்குத் துணியால் தினமும் துடைத்துத் துடைத்து விழுந்த சிலந்திவலைக் கீறல்களை மறைக்க, கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து எடுக்கிறோம். எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றுதான் வழி. ஆகவே, எந்த பேட் என்ற கேள்விக்கு, எவ்வளவு எடுக்கப் போகிறோம் என்றுதான் பொருள்.

பேடில் மூன்று வகை. கம்பளி பேட் வேகமாக வெட்டும், ஆனால் தடம் விடும். ஃபோம் பேட் மெதுவாக வெட்டி நல்ல பளபளப்புத் தரும். இரண்டுக்கும் நடுவில் மைக்ரோஃபைபர். பாலியெஸ்டரையும் நைலான் வகை இழையையும் முடியைவிடப் பல மடங்கு மெல்லியதாகப் பிரித்து நெய்த துணியை, மெல்லிய ஃபோம் அடுக்கின் மேல் ஒட்டியிருப்பார்கள். அந்தக் குட்டை இழைகள் ஒவ்வொன்றும் காம்பவுண்டில் இருக்கும் துகளைப் பிடித்துக்கொண்டு பெயின்ட்டில் உரசுகின்றன. ஆடிக்கொண்டே சுற்றும் டூயல் ஆக்‌ஷன் மிஷினில் ஃபோம் பேட் நாலு தடவை ஓட்டி எடுக்கும் கீறலை இது இரண்டு தடவையில் எடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மிஷினில் பெரும்பாலான மைக்ரோஃபைபர் பேடுகளைப் போடக் கூடாது. சூடு ஏறி ஒட்டுப் பசை விட்டுவிடும், இழை கருகும், பெயின்ட்டும் போகும்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? மிஷினின் பேக்கிங் பிளேட் 5 அங்குலம் என்றால் பேட் ஐந்தரை அங்குலம் இருக்கட்டும். பேட் சின்னதாக இருந்தால் பிளேட்டின் விளிம்பு பெயின்ட்டில் இடிக்கும், ரொம்பப் பெரிதாக இருந்தால் ஓரம் மடங்கிச் சூடேறும். ஃபோம் அடுக்கை விரலால் அழுத்திப் பாருங்கள். மெல்லிசாக இருந்தால் வெட்டு அதிகம், சமதளமான பானட்டுக்கும் கூரைக்கும் சரி. கொஞ்சம் தடிமனாக, மிருதுவாக இருந்தால் கதவின் வளைவுகளில் உட்காரும். நடுவில் துளை இருப்பது சூடு தணிய உதவும். கண்ணாடி ஓரம், கைப்பிடிக் குழி போன்ற இடங்களுக்கு 3 அங்குல பேட் தனியாக வேண்டும். கட்டிங் பேடும் ஃபினிஷிங் பேடும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், இரண்டும் ஒன்றல்ல. பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து வாங்குங்கள்.

எல்லாக் காரின் பெயின்ட்டும் ஒரே கடினம் அல்ல. ஜெர்மன் கார்களில் கிளியர் கோட் கெட்டி, ஜப்பான் கார்களில் மென்மை என்று பட்டறையில் பொதுவாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பி மிஷினைப் போடாமல், முதலில் ஒரு அடிக்கு ஒரு அடி இடத்தில் சோதித்துப் பார்ப்பதே முறை. குறைவாக வெட்டும் பேடில் தொடங்குங்கள். கீறல் போகவில்லை என்றால் மட்டும் மைக்ரோஃபைபருக்குப் போங்கள். மென்மையான கறுப்பு பெயின்ட்டில் மைக்ரோஃபைபர் ஒரு மெல்லிய மங்கலை விட்டுவிடும், அதை ஃபோம் பேடால் எடுத்து முடிக்க வேண்டும்.

இனி தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். ஒரு காருக்கு ஒரே ஒரு மைக்ரோஃபைபர் பேடைக் கொடுத்து வேலையை முடிக்கச் சொல்லும் முதலாளிகள் நிறையப் பேர். தேய்த்தெடுத்த கிளியர் கோட்டும் செத்துப்போன காம்பவுண்டும் இழைக்குள் அடைத்துக்கொண்டால் பேட் வெட்டாது, சூடு மட்டும் ஏறும். வெட்டவில்லையே என்று பையன் கையை அழுத்துவான். அந்த நிமிடத்தில்தான் எரிகிறது. ஒவ்வொரு பேனலுக்குப் பிறகும் கம்ப்ரஸர் காற்றாலோ நைலான் பிரஷ்ஷாலோ இழையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஈரமாகிச் சூடேறிய பேடை மாற்ற வேண்டும். ஒரு முழுக் காருக்கு நான்கிலிருந்து ஆறு பேடாவது வேண்டும். பேனலின் ஓரங்களில் பெயின்ட் எப்போதுமே மெலிசு என்பதால் டேப் ஒட்டிவிடுங்கள். பம்பர் பிளாஸ்டிக், சூட்டைக் கடத்தாது, அங்கே மெதுவாகப் போங்கள். வெயிலில் காய்ந்த பானட்டில் மிஷினை வைக்கவே வேண்டாம். மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். வேலை முடிந்ததும் பேடை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பிளீச்சும் துணி மென்மையாக்கும் திரவமும் ஆகாது.

இவ்வளவையும் ஒரு மாலையில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. சமூகவியல் முதுகலையில் வேலைப்பிரிவினை பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியவர்கள்தான் நாங்களும். அது ஒரு வாட்டர் சர்வீஸ் ஷெட்டுக்குள் எப்படி நடக்கிறது என்பதை இங்கேதான் கண்ணால் கண்டோம். காலனியிலிருந்து வந்த பையன் மூன்று வருடமாகத் தண்ணீர்க் குழாயோடும் கால்மிதியோடும் நிற்கிறான். முதலாளிக்குச் சொந்தம், ஊர்க்காரன் என்று வந்தவன் ஆறே மாதத்தில் மிஷின் பிடிக்கிறான். 'எந்த ஊர்' என்பதற்குப் பின்னால் 'ஊரில் எந்தப் பக்கம்' என்று ஒரு கேள்வி வரும், அதற்குப் பிறகுதான் யாருக்கு எந்த வேலை என்பது முடிவாகும். காலனிப் பையன் கைக்கு மிஷின் வருவது பெரும்பாலும் அவசரமான நாளில்தான். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை பாலிஷ் போட்டுத் தேய்ந்த பழைய காரும், அடைத்துப்போன ஒற்றை பேடும் சேர்ந்தே வரும். எரிந்தால் பழி அவனுக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? சேதத்துக்காகக் கூலியில் பிடிக்க வேண்டுமானால், அந்தச் சேதம் தொழிலாளியின் கவனக்குறைவால்தான் நேர்ந்தது என்று இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் அவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். நஷ்டத்தின் அளவுக்கு மேல் பிடிக்கவும் கூடாது. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்த இந்த ஏற்பாடு, 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. பேட் போதாமல் எரிந்த பெயின்ட் யாருடைய கவனக்குறைவு?

எங்களோடு இருக்கும் தம்பி ஒருவர் இதைச் சண்டை போடாமலே கேட்டார். "அண்ணே, ஒரு அடி இடத்துல ஓட்டிக் காட்டுறேன். பாதி இந்தப் பழைய பேடு, பாதி புதுசு. நீங்களே பாருங்க." பார்த்த முதலாளி அன்றைக்கு நான்கு பேட் வாங்கித் தந்தார். மனம் மாறி அல்ல, நேரம் மிச்சம் என்பதால். இருக்கட்டும். அதன்பிறகு அந்தத் தம்பி ஒரு நோட்டும் வைத்துக்கொண்டார். கார் உள்ளே வந்ததும் தடிமன் பார்க்கும் மீட்டரில் பேனல் பேனலாக அளந்து குறிக்கிறார். எந்த பேட், எத்தனை தடவை, மாற்றிய நேரம், எல்லாம் அதில் இருக்கிறது. மீட்டர் காட்டுவது மொத்தத் தடிமனை மட்டுமே, கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். கூரையை அளந்த எண்ணைவிடக் கதவின் எண் மிகவும் குறைவாக இருந்தால் அந்தக் கதவில் மைக்ரோஃபைபர் போடுவதில்லை, முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

பேட் வாங்குவது கடையின் செலவு, தொழிலாளியின் செலவல்ல. எந்த பேட், எத்தனை பேட் என்று சொல்லும் உரிமை மிஷின் பிடிப்பவருக்கு வேண்டும். உங்கள் தெருப் பிள்ளைகள் யாராவது இந்த வேலையில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். நாளைக்கே ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுங்கள்.