உங்கள் நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

சென்னையின் மேற்குப் புறநகரில் ஒன்பது கிரகங்களுக்கும் தலம் உண்டு. கொளப்பாக்கத்தில் சூரியன், சோமங்கலத்தில் சந்திரன், பூந்தமல்லியில் செவ்வாய், கோவூரில் புதன், போரூரில் குரு, மாங்காட்டில் சுக்கிரன், பொழிச்சலூரில் சனி, குன்றத்தூரில் ராகு, கெருகம்பாக்கத்தில் கேது. வேன் பிடித்து ஒரே நாளில் ஒன்பதையும் சுற்றி வருகிறவர்கள் ஏராளம். எங்கள் ஊரான மாங்காட்டுக்கு வருகிறவர்கள் காமாட்சி அம்மனைத் தரிசித்த கையோடு வெள்ளீஸ்வரர் கோயிலுக்கும் போவார்கள். சுக்கிராச்சாரியாருக்கு ஈசன் காட்சி கொடுத்த இடம் என்கிறது தலபுராணம்.

விளக்கேற்றி, அர்ச்சனை செய்து, பிரசாதம் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, சில மாதங்களின் மாலைகளில் மேற்கே அதே சுக்கிரன் பளீரென்று நின்றுகொண்டிருக்கும். அண்ணாந்து பார்ப்பவர்கள் ஒருவரோ இருவரோதான்.

நட்சத்திரத்துக்கும் இதே கதிதான். அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் கேட்கிறார்: "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ." யாருமே தயங்குவதில்லை. ரோகிணி, மகம், சித்திரை, சுவாதி என்று வரிசையாகச் சொல்கிறார்கள். பெண் பார்க்கும்போது நட்சத்திரம், பெயர் வைக்கும்போது நட்சத்திரம், அறுபதாம் கல்யாணத்துக்கும் நட்சத்திரம். வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும் அந்தப் பெயருக்கு உரியது வானத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று என்பதை மட்டும் நமக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஜாதகத்தில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு கேள்வி. நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் ரோகிணி ஒரே இடத்தில்தான் தெரிகிறது.

வானம் பார்க்கப் பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உடனே டெலஸ்கோப் விலையை விசாரிக்கிறார்கள். அது பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் பாடப்புத்தகம் நம் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே தொங்குகிறது. தினசரிக் காலண்டரில் தேதிக்குக் கீழே திதி, நட்சத்திரம், யோகம் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்களே, அதுதான். நிலா வானத்தை ஒருமுறை சுற்றிவர 27 நாளும் சில மணி நேரமும் ஆகிறது. அந்தப் பாதையை 27 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் அங்கே இருக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயரை வைத்தார்கள். 'இன்று ரோகிணி' என்றால் இன்று நிலா ரோகிணியின் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். இன்ன மணி வரை கார்த்திகை, பிறகு ரோகிணி என்று நேரமும் இருக்கும். மாலையில் எது நடப்பில் இருக்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு மாடிக்குப் போனால் போதும். கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை ஆகிய நான்கும் நிலாவின் பாதையை ஒட்டியே இருப்பதால், புதிதாகப் பழகுகிறவர் அவற்றில் தொடங்குவது நல்லது. சுவாதியும் திருவோணமும் பாதையை விட்டு வெகுதூரம் வடக்கே தள்ளி இருப்பவை. அவற்றை வேறு வழியில்தான் பிடிக்க வேண்டும்.

தை மாதத்து மாலை ஒன்றில் என் அக்கா மகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். அன்று காலண்டரில் ரோகிணி. அவள் பிறந்ததும் ரோகிணி. தெருவிளக்கின் வெளிச்சம் கண்ணில் விழாதபடி தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றுகொண்டோம். செல்போனைப் பையில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். இடையில் ஒருமுறை செல்போனைப் பார்த்தாலும் பழகியதெல்லாம் போய்விடும். வளர்பிறை நிலா கிழக்கே நன்றாக ஏறியிருந்தது.

"நிலாவுக்குப் பக்கத்துல என்ன தெரியுது, சொல்லு."

"ஒண்ணு இருக்கு மாமா. வெள்ளையா இல்ல, ஆரஞ்சா இருக்கு."

"அதான்மா உன் ரோகிணி."

அவள் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, "இவ்ளோ நாளா இங்கயேதான் இருந்துச்சா?" என்றாள்.

இங்கேயேதான் இருந்தது. மேல்நாட்டார் ஆல்டெபரான் என்று அழைக்கும் அந்தச் செம்பெருவிண்மீன் சுமார் 65 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அன்று அவள் கண்ணில் பட்ட ஒளி, அவளுடைய பாட்டி சிறுமியாகப் பாவாடை கட்டித் திரிந்த காலத்தில் அங்கிருந்து கிளம்பியது. இதைச் சொன்னதும் கீழே ஓடிப்போய்ப் பாட்டியையும் மாடிக்கு இழுத்து வந்தாள். முழங்கால் வலியோடு படியேறி வந்த அம்மாவும் மூச்சு வாங்கியபடி பார்த்தார். அவர் மகம். "என்னுது எப்பப்பா வரும்?" என்றுதான் கேட்டார்.

மாங்காட்டு வானத்தில் என்ன தெரியப்போகிறது என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதன்முதலாக நட்சத்திரக் கூட்டங்களை அடையாளம் காணப் பழகுகிறவருக்கு, விளக்கு வெளிச்சத்தில் மங்கிப்போன இந்த வானம் ஒருவகையில் உதவிதான். ஜவ்வாது மலையில் நின்று பார்த்தால் ஆயிரக்கணக்கில் தெரியும். எது எந்தக் கூட்டம் என்று திகைத்துப்போவோம். இங்கே பிரகாசமானவை மட்டுமே தப்பி வருகின்றன. பிப்ரவரி மாத இரவு எட்டு மணிக்குத் தலைக்கு மேலே, கொஞ்சம் தெற்கே சாய்ந்தாற்போல் மூன்று நட்சத்திரங்கள் ஒரே கோட்டில் நிற்கும். அதுதான் ஓரியன் எனும் வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை. அதற்கு வடக்கே தோளில் சிவப்பாக ஒளிர்வதைத்தான் திருவாதிரை என்கிறோம். தெற்கே காலில் நீலம் கலந்த வெள்ளையாக இருப்பது ரிகல். பட்டையின் கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் வரும். வடமேற்கே நீட்டினால் ரோகிணி, இன்னும் கொஞ்சம் போனால் கார்த்திகைக் கொத்து. அந்த மூன்று நட்சத்திரங்களைப் பிடித்துவிட்டவருக்குப் பாதி மாசி வானம் வசமாகிவிடும். பட்டை ஏறக்குறைய நேர் கிழக்கே உதித்து நேர் மேற்கே மறைவதால் திசைக்கும் அதையே நம்பலாம்.

சிரியஸிலிருந்து நேர் கீழே தெற்கு அடிவானத்தை நோக்கி இறங்குங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. அப்படி மூன்றரை முஷ்டி இறங்கினால் இன்னொரு பிரகாசமான நட்சத்திரம் தனியாக நிற்கும். அது அகத்தியர். கேனோபஸ் என்று உலகம் சொல்லும் அந்த நட்சத்திரம் பிரகாசத்தில் சிரியஸுக்கு அடுத்தது. மாங்காடு 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால் அது நமக்கு 24 பாகை உயரம் வரை ஏறுகிறது. லண்டனிலோ பாரிஸிலோ இருப்பவர் தன் ஊர் மாடியிலிருந்து அதை ஒருநாளும் பார்க்க முடியாது. தென்திசைக்கு வந்த முனிவரின் பெயரை அதற்கு வைத்தவர்கள் வானத்தை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க வேண்டும்! கொளப்பாக்கத்திலும் பொழிச்சலூரிலும் ஈசனுக்கு அகஸ்தீஸ்வரர் என்றுதான் பெயர். மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்களின் விளக்குகள் அந்தப் பக்கம்தான் வரிசை கட்டும். ஒரு நிமிடம் பொறுத்தால் விமானம் நகர்ந்துவிடும், அகத்தியர் நிற்பார்.

கிரகங்களைக் கண்டுகொள்வது இன்னும் சுலபம். நட்சத்திரம் மினுக்கும், கிரகம் அநேகமாக நிலைத்து ஒளிரும். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி பலன்களைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் போடுகின்றன. பலன் கிடக்கட்டும், குரு எந்த ராசியில் இருக்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த ராசியை வானத்தில் தேடுங்கள். வியாழன் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு ராசி நகரும், சனிக்கு இரண்டரை ஆண்டு. சுக்கிரனுக்கு ராசியே பார்க்க வேண்டாம். அது சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. அதனால் சில மாதங்கள் மாலையில் மேற்கே, சில மாதங்கள் விடியலில் கிழக்கே என்று மாறி மாறி வரும். திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரத்தில் வெள்ளியின் உதயமும் வியாழனின் மறைவும் ஒரே வைகறையில் வருகின்றன. அதைக் கொண்டு மு. இராகவையங்கார் ஆண்டாளின் காலத்தை 731-ஆம் ஆண்டு என்று கணித்தார். ராகுவும் கேதுவும் கண்ணுக்குத் தெரிய மாட்டா. நிலாவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள் அவை. கிரகணம் அந்தப் புள்ளிகளின் அருகில்தான் நடக்கும்.

பஞ்சாங்கத்தையும் வானத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்ன ஒருவர் இந்தச் சென்னையிலேயே இருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய மதராஸ் வான் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். 1867-இல் ரெட்டிகுலம் என்ற தென்வானக் கூட்டத்தில், ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தை அவர் கண்டுபிடித்தார். 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினர் ஆனார். அவரிடம் என்னைக் கவர்ந்தது வேறு. 1874 டிசம்பர் 9 அன்று சுக்கிரன் சூரியனின் முகத்தைக் கடந்துபோக இருந்தது. நம் மக்களுக்கு அது என்னவென்று புரிய வேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் சிறுநூல் எழுதி வெளியிட்டார். பழைய சூத்திரங்களை மட்டும் நம்பாமல், கண்ணால் பார்ப்பதோடு பொருந்துமாறு பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதாடி, தாமே அப்படி ஒன்றைக் கணித்தும் வெளியிட்டார். இன்று கடையில் பழைய சூத்திரப்படி கணித்த வாக்கியப் பஞ்சாங்கம் வேண்டுமா, வானத்தோடு பொருந்தும் திருக்கணிதம் வேண்டுமா என்று கேட்கிறார்கள் அல்லவா? வானம் பார்க்கத் திருக்கணிதம்தான் சரி.

ஒரு குறை மட்டும் மனதை அறுக்கிறது. எல்லோருடைய நட்சத்திரமும் ரோகிணிபோல் பிரகாசமானது இல்லை. பூசம், ஆயில்யம், சதயம் எல்லாம் மங்கலானவை. ரேவதி இன்னும் மங்கல். நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கு எட்டக்கூடிய அளவுக்குத்தான் அதன் ஒளி. கல்யாண மண்டபத்து ஃபோகஸ் விளக்குகளும், மூடியில்லாமல் நாலா பக்கமும் வெளிச்சம் இறைக்கும் எல்இடிகளும் சூழ்ந்த எங்கள் ஊரில் ரேவதியில் பிறந்த ஒரு குழந்தை தன் நட்சத்திரத்தைப் பார்க்கவே முடியாது. வெளிச்சம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவு வேலை முடிந்து பெண்கள் நடந்துவரும் தெருவில் விளக்கு எரிய வேண்டும், அந்த ஒளி தெருவில் விழ வேண்டும். வானத்துக்குப் போவது யாருக்கும் பயன்படாத மின்சாரம்.

உங்கள் வீட்டு மாடி விளக்குக்கு மேலே ஒரு மூடி போடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து, இரவு பத்து மணிக்கு மேல் மாடியின் ஃபோகஸ் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.