பாட்டி பெயரில் ஒரு காலிக் கோப்புறை

புதன்கிழமை இரவு பதினொன்றரை மணி. மறுநாள் காலை நிகழ்ச்சிக்கான ஒலிப்பதிவைச் சேமிக்கப் போனேன். “இடம் இல்லை” என்றது கணினி.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே ஒரு பழைய கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். என் பேக்கப் சர்வர் அதுதான். ஜொகூர் பாருவில் இருக்கும் தம்பி ஒரு விடுமுறைக்கு வந்தபோது அமைத்துக் கொடுத்தது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றொன்றிலும் எழுதப்படும். ஓடுவது லினக்ஸ். கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைக்குப் பெயர் பிடிஆர்எஃப்எஸ். 2009-இல் லினக்ஸில் சேர்க்கப்பட்டது. வாயில் நுழையாததால் பலரும் ‘பட்டர் எஃப்எஸ்’ என்பார்கள்.

வானொலி அறிவிப்பாளருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். சுருக்கப்படாத தரமான ஒலிப்பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட் பிடிக்கும். பத்து வருடப் பேட்டிகளைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ள முடியாது. அதோடு, அந்தக் கணினியில் பாட்டியும் இருந்தார்.

பாட்டிக்கு 84 வயது. தெலுக் இந்தானில் அத்தை வீட்டில் இருக்கிறார். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். இரண்டு வருடமாக, போகும்போதெல்லாம் மைக்கை வைத்து அவரைப் பேசச் சொல்லிப் பதிவு செய்து வந்தேன். விடியற்காலைப் பெரட்டு, ஆயாக் கொட்டகை, அவசரகாலத்து ஊரடங்கு, ஒட்டுப்பால் வாசம் என்று மொத்தம் பதினோரு மணி நேரம்.

அன்றிரவு இடம் வேண்டும் என்ற அவசரத்தில், எடிட் செய்யாத பழைய பதிவுகள் இருந்த பெரிய கோப்புறையை முழுசாக அழித்தேன். பாட்டி கோப்புறையும் அதற்குள்தான் இருந்தது. தெரிந்தேதான் செய்தேன். “எது அழிஞ்சாலும் ஸ்னாப்ஷாட்ல இருக்கும், அக்கா” என்று தம்பி ஒருமுறை சொல்லியிருந்தான். அந்த ஒரு வாக்கியம் கொடுத்த தைரியம்.

அழித்த பிறகும் கணினி “இடம் இல்லை” என்றே சொன்னது.

அங்கிருந்துதான் என் படிப்பு தொடங்கியது. ஸ்னாப்ஷாட் என்பது கோப்புகளின் இன்னொரு நகல் அல்ல. பாட்டியின் மொழியில் சொன்னால், அது ஒரு செக்ரோல். அந்த நிமிடத்தில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று எழுதிய பெயர்ப் பட்டியல். அதனால்தான் நொடியில் எடுத்துவிட முடிகிறது. எடுக்கும்போது இடமும் பிடிப்பதில்லை. பிறகு ஒரு கோப்பை நாம் அழித்தாலும், ஏதாவது ஒரு பழைய பட்டியலில் அதன் பெயர் இருக்கும்வரை டிஸ்க் அதை விடாது. நான் அழித்த கோப்புகளைப் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் பிடித்துக்கொண்டிருந்தன. இடம் எப்படித் திரும்பக் கிடைக்கும்?

சரி, பழைய ஸ்னாப்ஷாட்டுகளை அழிப்போம், கடைசியாக எடுத்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். வழக்கமாக அழிப்பதுபோல் அழித்தால் “படிக்க மட்டும்” என்று மறுத்தது. அந்த மறுப்பை எச்சரிக்கையாக எடுத்திருக்க வேண்டும். நான் அதற்கென்று இருக்கும் கட்டளையைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாக அழித்தேன். சிலவற்றின் பெயர் ‘பி, ஏ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கியது. ‘பழையது’ என்பதன் சுருக்கம் என்று நினைத்துக்கொண்டேன். கட்டளை உடனே முடிந்தது; இடம் மட்டும் பின்னணியில் மெல்ல மெல்லக் கூடியது. நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை ஒரு நிகழ்ச்சிக்குப் பாட்டி குரலில் அரை நிமிடம் தேவைப்பட்டது. மிச்சம் வைத்திருந்த ஸ்னாப்ஷாட்டைத் திறந்தேன். பழைய பதிவுகள் எல்லாம் இருந்தன. ‘பாட்டி’ என்ற கோப்புறையும் இருந்தது. திறந்தால், உள்ளே ஒன்றுமில்லை.

மூடிவிட்டு மறுபடியும் திறந்தேன். கணினியை நிறுத்தி ஓடவிட்டும் பார்த்தேன். காலி.

தம்பியை அழைத்தேன். சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கியது.

“பாட்டி ஃபோல்டர் சாதாரண ஃபோல்டர் இல்ல, அக்கா. அது தனி சப்வால்யூம். ஒன்னுக்குள்ள இன்னொரு சப்வால்யூம் இருந்தா, வெளியில உள்ளதோட ஸ்னாப்ஷாட்ல அது வராது. பேரு மட்டும் தெரியும். உள்ள காலியாத்தான் இருக்கும்.”

பெரிய தோட்டத்துக்குள் தனி டிவிஷன் இருப்பது மாதிரி. டிவிஷனுக்குத் தனிச் செக்ரோல். பெரிய செக்ரோலைப் புரட்டினால் ‘அப்படி ஒரு டிவிஷன் உண்டு’ என்று தெரியுமே தவிர, அங்கே உள்ள ஆட்களின் பெயர் இருக்காது. என் நிகழ்ச்சிப் பதிவுகள் தினமும் மாறுகிறவை. அவற்றின் ஸ்னாப்ஷாட்டுகள் சில வாரங்களில் போனால் பரவாயில்லை. பாட்டியின் பதிவுகள் அப்படிப் போய்விடக் கூடாது என்றுதான் தம்பி தனியாகப் பிரித்திருக்கிறான். அவற்றுக்குத் தனி ஸ்னாப்ஷாட்டுகளும் எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறான்.

“அதெல்லாம் எங்கடா?”

“பி, ஏ-ன்னு ஆரம்பிக்குமே. பாட்டின்னு அர்த்தம்.”

நான் பதில் சொல்லவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது.

கணினியை உடனே நிறுத்தச் சொன்னான். அழிந்ததைத் தோண்டி எடுக்கும் கருவிகளால் பிறகு முயன்று பார்த்தான். ஆனால் நடுவில் மூன்று நாள் ஓடிவிட்டது. நானே புதுப் பதிவுகளை அந்த இடத்தில் எழுதியிருந்தேன். எதுவும் தேறவில்லை. இரண்டு டிஸ்க் இருந்ததாலும் பயனில்லை. ஒன்று பழுதானால் மற்றொன்று காப்பாற்றும். ஆனால் நான் அழித்தால் இரண்டும் சேர்ந்தே அழிக்கும்.

எங்களைக் காப்பாற்றியது ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க். சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு வந்தபோது தம்பி பாட்டியின் சப்வால்யூமை மட்டும் அதில் அனுப்பி வைத்து, ஜொகூர் பாருவுக்கு எடுத்துப் போயிருந்தான். அடுத்த வாரம் அதை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு லார்கினில் பஸ் ஏறி வந்தான். திரும்ப வந்த பதிவுகள் ‘படிக்க மட்டும்’ நிலையில் இருந்தன. அதிலிருந்து எழுதக்கூடிய இன்னொன்றை உருவாக்கினான். இந்த முறை பாட்டியை இன்னொரு கோப்புறைக்குள் வைக்கவில்லை. பக்கத்திலேயே தனியாக, முழுப் பெயர் போட்டு வைத்தான்.

ஒன்பது மணி நேரம் திரும்பி வந்தது. சீனப் புத்தாண்டுக்குப் பிறகு பதிவு செய்த இரண்டு மணி நேரம் போனது போனதுதான்.

அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பாட்டி தன் அண்ணனைப் பற்றிப் பேசியிருந்தார். 1969-க்குப் பிறகு வேலை அனுமதிக் கெடுபிடி வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பலர் வேறு வழியில்லாமல் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பாட்டியின் அண்ணனும் ரஜூலா கப்பலில் போனார். பினாங்குத் துறைமுகத்தில் நின்று, கப்பல் மறையும்வரை கையாட்டியதாகப் பாட்டி சொல்லியிருந்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

போன மாதம் தெலுக் இந்தானுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பாட்டிக்கு வருத்தமே இல்லை. “அதுக்கென்ன ஆயி, மறுபடி சொன்னா போச்சு” என்றார். மைக்கை வைத்தேன். கப்பல் கதை வந்தது.

“நான் பினாங்குக்குப் போகல. கைப்புள்ளைய வச்சுக்கிட்டு எங்க போறது? மண்டோர் லீவும் குடுக்கல. வெளிச்சம் வர்றதுக்கு முன்னாலயே அண்ணன் லயத்து வாசல்ல நின்னுட்டுப் போயிருச்சு.”

“போன தடவ போனேன்னு சொன்னீங்களே, பாட்டி?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “நெனப்புல போயிருப்பேன்” என்றார்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. முதலில் சொன்னதை இப்போது சொன்னதோடு சேர்த்துக் கேட்க ஆசைதான். அன்று அவர் குரல் எங்கே தயங்கியது, எங்கே வேகமெடுத்தது என்று கேட்டிருந்தால் ஏதாவது புரிந்திருக்கும். அதைத்தான் நான் அழித்துவிட்டேன். கதை திரும்பக் கிடைத்தது. அன்றைய பாட்டி திரும்பக் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்கலாம். என் அனுபவத்தில் இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, அதே இயந்திரத்துக்குள் இருக்கும் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு வீட்டில் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது சும்மா இல்லை. இரண்டு, கோப்புறையின் பெயரைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். திறந்து பாருங்கள்.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகி, ஏதாவது ஒரு பதிவை ஐந்து நிமிடம் கேட்கிறேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் தொடங்கினேன். பெரும்பாலும் ஐந்து நிமிடத்தோடு நிறுத்துவதில்லை. கேட்டு முடித்ததும் தெலுக் இந்தானுக்கு ஒரு போன் போடுவேன்.