நாகேஷ் தந்த தருமி

தருமி என்றதும் நம் கண்முன் வருபவர் நாகேஷ்தான். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலோ தருமி, தாய் தந்தையை இழந்து, கல்யாணத்துக்குப் பொருளில்லாமல் சொக்கநாதரிடம் முறையிடும் இளைஞன். அங்கே சிரிப்புக்கு இடமில்லை. தனியே புலம்பித் தவித்தே நம்மைச் சிரிக்கவைக்கும் ஏழைப் புலவனை 1965-இல் ‘திருவிளையாடல்’ படத்தில் நமக்குத் தந்தவர்கள் இயக்குநர் ஏ.பி.நாகராஜனும் நாகேஷும். பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் பிள்ளைகள் நடிப்பது இந்தத் தருமியைத்தான்.

புராணத் தருமியை இப்படி மாற்றியதைக் கலப்படம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பரஞ்சோதியாருக்கு முன்பே பெரும்பற்றப்புலியூர் நம்பி இந்தத் திருவிளையாடல்களைப் பாடியிருக்கிறார். பின்னவர் தம் போக்கில் விரித்துச் சொன்னார். அந்த வரிசையில் நாகராஜனுக்கும் ஓர் இடம் உண்டு என்றே நம்புகிறேன்.

படத்தை ரசித்தவர்கள், தருமிக்குப் பொற்கிழி அளித்த படலத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.