கோணல் பம்பர்

எங்கள் வீட்டு ஹெரால்டு மோட்டாரின் முன்பக்கத்துப் பம்பர் சற்றே கோணலானது. இடது முனை ஒரு விரற்கடை உயர்ந்து நிற்கும். என் தாயார் இருந்தவரையில், "புருவத்தைத் தூக்கிக்கொண்டு யாரை முறைக்கிறதாம்?" என்று கேட்பது வழக்கம்.

சென்ற மாதம் என் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். பழைய மோட்டார்களின் ஊர்வலம் ஒன்றில் இதைச் சேர்க்க வேண்டுமென்று அவனுக்கு ஆசை. வண்டியை மூன்று முறை பிரதட்சிணம் செய்துவிட்டு, "அப்பா, இந்தப் பம்பர் அசல் இல்லை. மதிப்பெண் குறைந்துவிடும். இங்கிலாந்திலிருந்து அசலையே தருவித்துவிடலாம்" என்றான். படமும் காட்டினான். வெள்ளை ரப்பர் போர்த்திய, வெகு நேர்த்தியான பம்பர்.

அசல் என்பது எது என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் பிறந்தது.

ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் 'டிரையம்ப்' என்ற பெயரோடு பிறந்தது. உருவத்தை வரைந்த மிக்கெலோட்டியோ இத்தாலியர். உடலைத் துண்டு துண்டாகச் செய்து, சட்டத்தின்மேல் திருகாணி போட்டு இணைக்கும்படி அமைத்திருந்தபடியால் அயல்நாடுகளில் பூட்டுவதற்கும் சௌகரியமாயிற்று. 1961 முதல் நம் வண்டலூரில் 'ஸ்டாண்டர்டு' என்ற பெயர் தாங்கி வெளிவந்தது. ஆங்கிலேயர் அதில் இரண்டு கதவுகளோடு திருப்தியடைந்தார்கள். பாட்டி, பேரன், ஊறுகாய் ஜாடி சகிதம் பிரயாணம் செய்கிற நமக்கு அது போதுமா? 1968-ல் இங்கே நான்கு கதவு ஹெரால்டு வந்தது. சீமையில் அப்படியொன்று தயாரானதே கிடையாது. எங்களுடையது அந்த நான்கு கதவு வண்டி. மகன் காட்டிய வெள்ளை ரப்பரோ, அங்கே 1961-ல் வந்த 1200 என்னும் ரகத்தின் அலங்காரம்.

"அதை இதற்கு மாட்டினால் மட்டும் அசலாகிவிடுமா?" என்றேன்.

"வண்டலூரில் மாட்டியது இதுவும் இல்லையே, அப்பா!"

வாஸ்தவம். 1978-ல் படப்பை அருகே ஒரு பாரவண்டியின் நுகத்தடி மோதிப் பழைய பம்பர் நெளிந்துவிட்டது. மாற்றுப் பம்பர் கிடைக்கவில்லை. வாலாஜாபாத்துக் கொல்லர் ஒருவர் தகட்டை அடித்து வளைத்துக் கொடுத்தார். என் தகப்பனார் மூன்று நாள் அந்தப் பட்டறையிலேயே உட்கார்ந்து, நூல் பிடித்து அளந்தார். அளந்தும் கோணல்தான்! பிறகு சென்னையில் முலாம் பூசி வந்தது.

மாலையில் இருவரும் அதே வண்டலூர்ச் சாலையில் ஒரகடம் வரையில் ஓட்டிச் சென்றோம். 2010-ல் ரெனோவும் நிஸானும் சேர்ந்து திறந்த தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. அயல்நாட்டாருக்காக இடப்பக்கம் சுக்கான் வைத்த வண்டிகளையும் அங்கே செய்து கப்பலேற்றியிருக்கிறார்கள். அவற்றை யாரும் போலி என்று சொன்னதில்லை. வரிச் சலுகைக்காக நான்கு மீட்டருக்குள் அடங்க வேண்டி, உடலையே குறுக்கிக்கொண்ட வண்டிகளும் நம் தேசத்தில் உண்டு. மகன் இதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை. வண்டியை நிறுத்தியதும் இறங்கிப்போய்ப் பம்பரின் உயர்ந்த முனையைக் கையால் தடவிப் பார்த்தான்.

மறுநாள் ஊர்வலத்துக்கான படிவத்தை நிரப்பினான். அசல் அல்லாத பாகங்களைக் குறிப்பிடும் கட்டத்தில், 'முன் பம்பர், வாலாஜாபாத், 1978' என்று எழுதிக் கையெழுத்திட்டான்.