இரு பாதைகள் கொண்ட மோட்டார் மாளிகை

ஜேர்மனி தேசத்தின் தென்மேற்கே, நெக்கார் நதி பாயும் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது ஸ்ருட்காட் மாநகரம். அங்கு குடியேறி வாழும் எமது மைத்துனர் இல்லத்திற் சில நாள் தங்கியிருந்தபோது, மேர்சிடிஸ்-பென்ஸ் நூதனசாலையைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. பழைய மோட்டார் வண்டிகளை வரிசையாக நிறுத்திவைத்த பெருங் கொட்டகை ஒன்றையே நாம் எதிர்பார்த்துச் சென்றோம். கண்டதோ முற்றிலும் வேறு.

தொழிற்சாலை வாயிலருகே 47.5 மீற்றர் உயரத்தில் வெள்ளிபோல் மின்னி நிற்கும் அக்கட்டிடம் 2006ஆம் ஆண்டு மே மாதத்திலே திறந்துவைக்கப்பட்டது. அதனை வகுத்தவர் நெதர்லாந்துக் கட்டிடக் கலைஞர் பென் வான் பேர்க்கல். மூன்று வட்டங்கள் பின்னிப் பிணைந்த மூவிலை போன்றது அதன் தளம். நடுவிலே, அடியிலிருந்து முகடுவரை திறந்த முற்றம். சாளரங்களில் 1,800 முக்கோணக் கண்ணாடிகள். ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை! தீப்பற்றினால், சுவர்த் துவாரங்கள் வழியே காற்றைச் செலுத்திச் சுமார் 34 மீற்றர் உயரமான சுழற்காற்றொன்றை எழுப்பி, புகையை முகட்டின் வழியாக வெளியேற்றும் ஏற்பாடும் உண்டு.

இங்கே படியேற வேண்டியதில்லை. லிப்ட் எம்மை நேரே உச்சித் தளத்திற்குக் கொண்டு சென்றது. ஆங்கு எம்மை வரவேற்றது மோட்டார் வண்டியன்று. வெள்ளைக் குதிரையொன்றின் உருவம்! அதனைக் கடந்தால் 1886ஆம் ஆண்டு. காள் பென்ஸின் முச்சக்கர வண்டியும், கொட்லீப் டைம்லரின் நாற்சக்கர வண்டியும் அங்கே நிற்கின்றன. இனிக் காலத்தோடு கீழ்நோக்கி நடக்க வேண்டியதே.

இறங்கும் பாதைகள் இரண்டு. இரண்டும் முறுக்கிய கயிற்றின் இரு புரிகள்போல் ஒன்றையொன்று சுற்றிச் செல்கின்றன. ஒன்று, புகழ்பெற்ற வண்டிகளின் பாதை; அங்கே வெயில் புகாத மண்டபங்களில் மின்னொளி பாய்ச்சியுள்ளார்கள். மற்றையதில் பஸ், லொறி, தீயணைக்கும் வண்டி முதலியன சாளரத்து வெயிலிலே நிற்கின்றன. விரும்பியவர் இடையிடையே பாதை மாறலாம்.

எம் மைத்துனர் இருபது ஆண்டுகளாக லொறி ஓட்டிப் பிழைப்பவர். பளபளக்கும் கார்களை அவர் விரைந்து கடந்தார். பழைய லொறியொன்றின் முன்னே வந்ததும் கைகட்டி நின்றுவிட்டார். “அத்தான், இதுதான் எங்கட ஆள். சோறு போட்டது இதுதான்” என்றார். அதன்பின் நாமும் வெயிற் பாதையிலேயே நெடுநேரம் நின்றோம்.

புகழுக்குப் பின்னால் உழைப்பு மறைந்து கிடப்பது இத்தொழிலில் ஆதிமுதல் உள்ளதே. 1888இல் காள் பென்ஸின் மனைவி பேர்த்தா, கணவருக்குச் சொல்லாமல், மைந்தர் இருவருடன் மான்ஹைமிலிருந்து பிபோர்ட்ஸ்ஹைம்வரை அவ்வண்டியைச் செலுத்தினார். எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். அடைபட்ட குழாயைத் தொப்பி ஊசியாற் குத்தித் திறந்தார். வண்டி தூரதேசம் செல்லும் என்பதை உலகிற்குக் காட்டியவர் அவரே.

சாய்தளச் சுவர்களிலே அவ்வக்கால உலக நிகழ்ச்சிகளின் படங்கள் தொங்குகின்றன. போர்க்காலத்தை அடைந்தபோது எம் நடை தளர்ந்தது. 1944இல் இந்நிறுவனத்தில் வேலைசெய்தோருள் ஏறக்குறைய அரைவாசிப் பேர் கட்டாய உழைப்பாளரும், போர்க்கைதிகளும், வதைமுகாம்களிலிருந்து கொணரப்பட்டோருமேயாவர். அவர்கள் தொட்ட இரும்பும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியன்றோ?

வாயிலை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மைத்துனருக்கோ மறுநாள் அதிகாலையிலே வேலை. ஸ்ருட்காட் செல்லும் அன்பர்கள் இம்மாளிகையைத் தவறாது காண்க. ஆயின் விளக்கொளிப் பாதையில் மாத்திரம் இறங்கிவிட்டு, முழுவதையும் கண்டோம் என்று திரும்பி வரற்க.